கடைசி டம்ளர் எத்தனை மணிக்கு? – அறுவைக்கு முந்தைய வார்டு நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

எல்லாக் கட்டிலிலும் ஒரே அட்டை: "இரவு 12 மணிக்கு மேல் எதுவும் கூடாது." காலை 8 மணி கேஸுக்கும் அதுதான், மதியம் 2 மணி கேஸுக்கும் அதுதான். இரவு 8 மணிக்கு இட்லி சாப்பிட்டவர் லிஸ்டில் கடைசி ஆள் என்றால் 18 மணி நேரப் பட்டினி. தொண்டை வறண்டு, தலை வலித்து, ஊசி போட நரம்பும் கிடைக்காத நிலையில் தியேட்டருக்கு வருகிறார்.

அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் கணக்கு வேறு. தெளிந்த பானம் 2 மணி நேரம் முன்பு வரை. தாய்ப்பால் 4 மணி நேரம். மாட்டுப்பால், புட்டிப்பால், லேசான டிபன் 6 மணி நேரம். பொரித்தது, இறைச்சி என்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. குழந்தைகளுக்குத் தெளிந்த பானம் 1 மணி நேரம் முன்பு வரை போதும் என்று ஐரோப்பிய மயக்கவியல் சங்கம் 2022-இல் இறக்கிவிட்டது. எல்லாமே மயக்கம் கொடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டியவை. கத்தி வைக்கும் நேரம் இதில் கணக்கில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எது தெளிந்தது? கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்க வர வேண்டும். தண்ணீர், கடுங்காபி, கட்டஞ்சாயா, சக்கை இல்லாத ஆப்பிள் ஜூஸ், வழுக்கை விழாத இளநீர் தேறும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீர் வேண்டாம், பொட்டாசியம் அதிகம்). மோர், கஞ்சி, நீராகாரம், ரசம் தேறாது.

தகராறு காபியில்தான். மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை பால் இருந்தால் பரவாயில்லை என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒன்று சொல்கிறது. நம் டம்ளரில் டிகாக்‌ஷன்தான் அந்தப் பங்குக்கு வரும், மீதியெல்லாம் பால். இரைப்பை அமிலம் பட்டதும் பால் திரிந்து கட்டியாகிவிடும், அதனால் அது 6 மணி நேரக் கணக்கு.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க, காபி மட்டும்தான்" என்பார்கள். பாதிப் பேர் அந்த "காபி மட்டும்தான்" என்பதைக்கூடச் சொல்வதில்லை. "காலையில காபி, டீ, பால் எத்தனை மணிக்குக் குடிச்சீங்க? மாத்திரைய எதோட போட்டீங்க?" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நள்ளிரவுத் தடையின் வேர் 1946-இல் வெளிவந்த ஒரு கட்டுரை. நியூயார்க்கில் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களைப் பார்த்து, மயக்கத்தில் இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போன 66 பேரைக் கணக்கெடுத்தார். இறந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் மூச்சை அடைத்தது திட உணவு. அந்தப் பயத்தில் தண்ணீரும் சேர்ந்து தடையாகிவிட்டது. 1883-லேயே அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், திடமாக எதுவும் இருக்கக் கூடாது, ஆனால் இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கப் தேநீர் நல்லது என்று எழுதியிருக்கிறார். எங்கேயோ மறந்துபோனோம்.

வெறும் தண்ணீர் இரைப்பையில் தங்குவதே இல்லை. 10–20 நிமிடத்தில் பாதி இறங்கிவிடும். பட்டினியை நீட்டினால் இரைப்பை மேலும் காலியாகாது, அமிலம் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அறுவைக்கு முன் வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கொடுக்கும் மாவுச்சத்து பானம் கலக்கும் முறை. 50 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினைத் (மாவுச்சத்தை உடைத்துச் செய்த பவுடர்) தராசில் நிறுக்கவும். கரண்டிக் கணக்கு வேண்டாம், பவுடருக்குப் பவுடர் எடை மாறும். முதலில் 300 மில்லி தண்ணீரில் தூவிக் கலக்கி, கட்டி கரைந்த பிறகு மேலும் தண்ணீர் ஊற்றி மொத்தத்தை 400 மில்லியாக்கவும். இது 12.5 சதவீதம், சுமார் 200 கலோரி. முதல் நாள் இரவு இதைப்போல் இரண்டு பங்கு (800 மில்லி), மறுநாள் மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்பே குடித்து முடிக்கும்படி ஒரு பங்கு.

மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரை அதே அளவு போட்டால் என்ன? இங்கேதான் தப்பு நடக்கிறது. குளுக்கோஸ் சின்ன மூலக்கூறு. 50 கிராம் 400 மில்லியில் கரைந்தால் சவ்வூடு அடர்த்தி (கரைந்த துகள்களின் செறிவு) இரத்தத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும், இரைப்பை காலியாவது மந்தப்படும், குமட்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் நீளச் சங்கிலி. அதே சத்துக்குத் துகள் எண்ணிக்கை குறைவு. ஓ.ஆர்.எஸ். தெளிந்த பானம்தான், ஆனால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். 400 மில்லியில் ஐந்தரை கிராம்கூட வராது. புரதம் கலந்த பவுடர் எதுவும் இந்தக் கணக்கில் சேராது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இந்தப் பானத்தால் உண்மையில் என்ன லாபம்? இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அறுவைக்குப் பின் குறைகிறது. பசியும் தாகமும் குறைகின்றன. 27 ஆய்வுகளை, 1,976 பேரைச் சேர்த்துப் பார்த்த 2014 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அலசலில், மருத்துவமனையில் தங்கும் காலம் 0.3 நாள் குறைந்தது. சிக்கல்களில் வித்தியாசமில்லை. மாவுச்சத்து இல்லாத போலிப் பானத்தோடு ஒப்பிட்டபோது அந்த 0.3-உம் நிற்கவில்லை. எனவே பாக்கெட் வாங்க வசதியில்லாத வார்டு கவலைப்பட வேண்டாம். மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் கொடுத்தாலே தாகமும் வறட்சியும் தீரும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

யாருக்கு இந்தக் கணக்கு செல்லாது: குடல் அடைப்பு, அவசர கேஸ், இரைப்பை மந்தமான சர்க்கரை நோயாளி, உணவுக்குழாய் அடைப்பு, சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாக்ளுடைட் போன்ற ஊசி போடுபவர்கள். சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்து பானத்தை நாமாகவே கொடுத்துவிடக் கூடாது. சந்தேகமென்றால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து இரைப்பையை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம்: திட உணவு தெரிந்தாலோ, திரவம் கிலோவுக்கு 1.5 மில்லிக்கு மேல் இருந்தாலோ நிறுத்தி யோசிக்க வேண்டும்.

மீதி ஒன்றுதான்: லிஸ்ட் மாறுவது. மூன்றாவது கேஸை முதலில் எடுப்பதென்றால் தியேட்டரிலிருந்து வார்டுக்குப் போன் வந்தாக வேண்டும், இல்லையேல் 15 நிமிடம் முன்பு குடித்தவர் ஸ்ட்ரெச்சரில் வந்து நிற்பார். தள்ளிப்போனாலும் போன் வர வேண்டும், இன்னொரு டம்ளர் கொடுக்க. புது அட்டையில் 12 மணி இல்லை. "கடைசி டிபன்: __ மணி. கடைசி டம்ளர்: __ மணி." பேனாவால் அல்ல, பென்சிலால் எழுதவும்.