பெத்தாட கையும் படுவான்கரையும்

போன மாரி மழைக்குள்ள பெத்தா, என்ட பாட்டி, கிணத்தடியில சறுக்கி விழுந்து வலது கைய உடைச்சுப் போட்டா. விழக்குள்ள எல்லாரும் செய்ற மாதிரி கைய நீட்டி ஊண்டினவ, அதால மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேல, பெருவிரல் பக்கத்து எலும்பு போயிட்டு. பக்கத்தால பாத்தா முள்ளுக்கரண்டிய கவுத்து வெச்ச மாதிரி வளைஞ்சு கிடந்துது. நான் நேர்சிங் ரெண்டாம் வருசம், அந்தப் பாடம் முடிஞ்சு ரெண்டு கிழமைதான், அதால பாத்த உடனயே கொலிஸ் முறிவு எண்டு மனசுக்குள்ள அடிச்சுட்டு. 1814ல டப்ளின்ல ஆபிரகாம் கொலிஸ் எண்ட டொக்டர் எழுதி வெச்சது. எக்ஸ்ரே வந்தது 1895லதான், அப்ப மனுசன் வெறும் கையால தடவியே இதக் கண்டுபிடிச்சிருக்கார், நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

ஆறு கிழமை பிளாஸ்டர். கழட்டின பிறகு பிசியோவுக்கு கூட்டிட்டுப் போனன். அங்க இருந்த மிஸ் நல்லவதான், ஆனா பழக்கதோசத்தில "இப்ப சுப்பினேசன் செய்ங்க அம்மா" எண்டுட்டா. பெத்தா என்ட முகத்தப் பாத்து மெல்லமா கேட்டா, "என்ன கா புள்ள, சூப்பு எண்டுறா?"

எனக்கு சிரிப்பு அடக்க ஏலாமப் போயிட்டு, ஏனெண்டா எங்களுக்கு வகுப்பில அத ஞாபகம் வெக்க சொல்லித் தந்ததே சூப் கோப்பைய ஏந்துற மாதிரி கை எண்டுதான். "கைய மல்லாத்துங்க பெத்தா, திருநீறு வாங்குற மாதிரி" எண்டன், உடன செய்தா, ஏலுமான அளவுக்கு. மறுகா "கவுத்துங்க, ரொட்டி தட்டுற மாதிரி" எண்டன், அதையும் செய்தா. முழங்கைக்கு கீழ ரெண்டு எலும்பு இருக்கெல்லோ, கைய கவுக்கக்குள்ள சுண்டுவிரல் பக்கத்தது கிட்டத்தட்ட கிடந்த இடத்திலயே கிடக்கும், பெருவிரல் பக்கத்ததுதான் கிறுகி அதுக்கு மேலால குறுக்க விழும். பெத்தாவுக்கு உடைஞ்சது அந்தக் கிறுகிற எலும்பு, அதுதான் இவ்வளவு பாடு.

அண்டைக்கு பஸ்ஸில வரக்குள்ள யோசிச்சன். ஆள் முகம் மேல பாக்கப் படுத்தா மல்லாக்க, கை உள்ளங்கை மேல பாத்தா அதுவும் மல்லாக்க. லத்தீன்லயும் இப்படித்தான், சுப்பைன் எண்டு படுக்கைக்கும் சுப்பினேசன் எண்டு கைக்கும் ஒரே சொல்லு. நான் முதல் வருசம் பூரா இத பாடமாக்கி செத்தன், பெத்தாட வாயில அது சின்னனில இருந்து கிடந்திருக்கு. இன்னொண்டு, பாதத்துக்கு மேல் பக்கத்த டோர்சம் எண்டுறாங்க, அதுக்கு முதுகு எண்டு அர்த்தம், பாதத்துக்கு எப்படி மேல முதுகு வந்தது எண்டு நான் குழம்பினதுக்கு கணக்கில்ல. நாங்க புறங்கை, புறங்கால் எண்டுறம், உள்ளங்கை, உள்ளங்கால் எண்டுறம், விசயம் முடிஞ்சுது. 1847ல யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க மிசன் டொக்டர் மானிப்பாயில தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், அனற்றமிக்கு, அதான் உடம்பிட அமைப்பப் படிக்கிற பாடத்துக்கு, அங்காதிபாதம் எண்டு பேர் வெச்சிருக்கார், அந்த ஆளுக்கு இருந்த துணிவு எங்களுக்கு இல்ல.

எல்லாம் இப்படி லேசா வராது எண்டதும் உண்மைதான். கை கால உடம்ப விட்டு விலக்குறது அப்டக்சன், உடம்போட சேக்கிறது அடக்சன், ரெண்டும் காதுக்கு ஒண்டாத்தான் கேக்கும், அதால வார்ட்டில ஏ-பி, ஏ-டி எண்டு எழுத்தப் பிரிச்சு சொல்லுவாங்க. நான் நோயாளியிட்ட கால அகட்டுங்க, சேருங்க எண்டுதான் சொல்றது.

ஆனா என்ன மாட்டி வெச்சது இடம் வலம்தான். முதல் வருசம் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயப் பாத்து இருதயம் வலப்பக்கம் கூட நிக்குது எண்டு எழுதிக் குடுத்தன். படத்தில எனக்கு வலப்பக்கம், ஆளுக்கு இடப்பக்கம். அவர் எனக்கு முன்னால நிக்கிற மாதிரித்தான் அந்தப் படத்த வெக்கிறது, மூலையில ஆர் எண்டோ எல் எண்டோ எழுத்தும் கிடக்கும், நான் அதப் பாக்கல்ல. வகுப்பே சிரிச்சுது. மறுகா வீட்ட வந்து சாமி அறையில அர்த்தநாரீஸ்வரர் படத்தப் பாக்கக்குள்ளதான் மண்டையில உறைச்சுது, அம்மனுக்கு இடப்பாகம் எண்டு சின்னனில இருந்து சொல்றம், பாக்கிற எங்களுக்கு அம்மன் வலப்பக்கம்தானே தெரியிறா. அது சாமியிட இடம், பாக்கிற ஆளிட இடம் இல்ல. அனற்றமியும் இதுதான். ஆள் நேரா நிக்கிறார், முகம் முன்னுக்கு, கால் முன்னுக்கு, கை ரெண்டும் கீழ தொங்குது, உள்ளங்கை முன்னுக்கு விரிஞ்சு (கடன்காரனுக்கு ஒண்டும் இல்ல எண்டு காட்டுற மாதிரி), இந்த நிலைய வெச்சுத்தான் எல்லாத் திசையும். பிறகு ஆள் குப்புறக் கிடந்தாலும் தலைகீழாத் தொங்கினாலும் பேர் மாறாது. பெருவிரல் எப்பவும் வெளிப்பக்கம், சுண்டுவிரல் எப்பவும் உள்பக்கம்.

எங்கட ஊராக்களுக்கு இது புதுசா? நாங்க படுவான்கரை ஆக்கள். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் படுவான், அந்தப் பக்கம் எழுவான், சூரியன் எழும்புறதயும் படுக்கிறதயும் வெச்ச பேர். மண்முனைப் பாலத்தில நிண்டு எந்தப் பக்கம் கிறுகினாலும் இடக்கை வலக்கை மாறும், எழுவான்கரை மாறாது. இதச் சொல்லி ஆராவது முதல் வருசம் படிப்பிச்சிருந்தா நான் அந்த எக்ஸ்ரேயில மானம் கெட்டிருக்க மாட்டன்.

பெத்தா இப்ப சோறு பிசையிறா, கவளத்த வாய்க்கு கொண்டு போகத்தான் கொஞ்சம் கயிட்டம், அதுக்கு கை மல்லாரணுமே. போன வெள்ளி கோயில்ல திருநீறு வாங்கக்குள்ள வலக்கைக்கு கீழ இடக்கைய குடுத்து வாங்கினா. எல்லாரும் வாங்குற முறைதான் அது, ஆனா அந்த இடக்கை சும்மா தாங்கல்ல, கீழால பிடிச்சு மெல்ல மெல்ல கிறுக்கிட்டு இருந்துது.