எனிஸ்கார்த்தியின் சிவப்பு ஏல்

நேற்று மாலை சிறிய அளவில் பீர் காய்ச்சும் ஒரு கிராஃப்ட் ப்ரூவரியில் ஐரிஷ் ரெட் ஏல் என்ற சிவப்பு பீர் குடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்தால் பால் சேர்க்காத டீயின் சிவப்பு. மால்ட்டோடு, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தோடு, கருக வறுத்த பார்லி கொஞ்சம் சேர்ந்தால் போதும், அந்த நிறம் வந்துவிடும். முதல் மடக்கில் பாகு வாசனை. கடைசியில் வறுத்த தானியத்தின் லேசான கசப்பு.

அயர்லாந்தின் எனிஸ்கார்த்தியில் லெட் குடும்பம் ஒரு சிவப்பு ஏல் காய்ச்சியது. 1956இல் அந்த ப்ரூவரியை மூடிவிட்டார்கள். அப்புறம் அந்த வம்சத்து ஜார்ஜ் கில்லியன் லெட், முதலில் பிரான்ஸின் பெல்ஃபோர்த் ப்ரூவரிக்கும் பிறகு அமெரிக்காவின் கூர்ஸ் பீர் நிறுவனத்துக்கும் அதைக் காய்ச்ச உரிமம் கொடுத்தார். சொந்த ஊரில் அடுப்பு அணைந்தபின் கடல் தாண்டிப் பிழைத்த பீர்! அமெரிக்காவில் அது ஏலாக இல்லாமல், குளிரில் நொதிக்க வைக்கும் வேறு வகை பீரான லாகராக மாறிப்போனதில் எனக்கு வருத்தம்தான். இரண்டாவது கிளாஸை ரொம்ப மெதுவாகக் குடித்தேன்.