பாய்லர் சர்வீஸ் வேறு, கேஸ் செக் வேறு

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம் ஆட்களிடம் கேஸ் சர்டிபிகேட் எடுத்தாச்சா என்று கேட்டுப் பாருங்கள், "அதான் பாய்லர் சர்வீஸ் பண்ணியாச்சே" என்பார்கள். சர்வீஸ் என்பது பாய்லர் மக்கர் பண்ணாமல் ஓடுவதற்கு. 1998 கேஸ் விதிகள் கேட்பது, நீங்கள் கொடுத்திருக்கும் பாய்லர், அடுப்பு, கேஸ் ஃபயர், (அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்), இவற்றின் புகைக்குழாய் எல்லாம் ஆபத்தில்லாமல் இருக்கின்றனவா என்று 12 மாதத்துக்கு ஒருமுறை சோதித்து எழுதித் தரும் அறிக்கையை. கேஸ் சர்டிபிகேட் என்பது இந்த அறிக்கைதான், பேச்சு வழக்கில் சிபி12 என்றும் சொல்வோம். சர்வீஸ் பில்லை வைத்துக்கொண்டு இது இருக்கிறது என்று சொல்ல முடியாது.

செக் செய்ய வருகிறவர் கேஸ் சேஃப், அதாவது கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரபூர்வப் பதிவேட்டில், பதிவு உள்ளவராக இருக்க வேண்டும் (2009-லேயே கோர்கி என்ற பழைய பதிவேடு போய் இது வந்துவிட்டது, இன்னும் "கோர்கி ஆள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்). அவருடைய கேஸ் சேஃப் அட்டையின் முன்பக்கப் போட்டோவைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், பின்பக்கம்தான் முக்கியம், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் போட்டிருக்கும். பாய்லர் பார்ப்பவருக்குக் கேஸ் ஃபயர் பார்க்கத் தகுதி இல்லாமல் இருக்கலாம்.

கடைசி வாரம் வரை காத்திருப்பது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து, கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே செக் செய்தாலும் பழைய தேதியே அடுத்த வருடத்துக்கும் தொடரும், ஒரு நாளும் நஷ்டமில்லை. அந்த இரண்டு மாதம், குடியிருப்பவர் வேலை, ஊர்ப் பயணம் என்று கதவு திறக்காமல் இழுத்தடித்தால் கைகொடுக்கும். பூட்டை உடைத்து உள்ளே போகவெல்லாம் முடியாது, முயற்சி செய்தீர்கள் என்று காட்ட மெசேஜ், கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அறிக்கையின் நகலை ஏற்கெனவே குடியிருப்பவருக்குச் செக் முடிந்து 28 நாளுக்குள், புதிதாக வருபவருக்குச் சாவி கொடுக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருடமாவது உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

அப்புறம் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கான அலாரம். 2022 அக்டோபரிலிருந்து பாய்லரோ ஃபயரோ இருக்கும் அறையில் அது கட்டாயம், கேஸ் அடுப்பு மட்டும் இருந்தால் சட்டப்படி வேண்டாம். நான் சமையலறையிலும் ஒன்று மாட்டுவேன், அதன் விலை ஒன்றும் பெரிதில்லை. குடியிருப்பவர் சொந்தமாகக் கொண்டுவந்த அடுப்புக்கு நீங்கள் பொறுப்பில்லை, ஆனால் அதற்குப் போகும் கேஸ் பைப் உங்களுடையதுதான். செக்குக்கு வருபவரிடம் அதையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டால் பார்க்காமலே போகலாம்.