ரி மாஜோனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

வசன வரி மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சிக்காக என்னிடம் தரப்பட்டது ‘சிமூன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடர். ஜுன்ஜி நிஷிமுரா இயக்கி 2006-இல் ஒளிபரப்பான 26 பகுதிகள். ஆங்கில வரிகளைப் பார்த்துத் தமிழில் எழுத வேண்டும். திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. ஒரு சொல் நீண்டாலும் உதறல் எடுத்த காலம் அது.

சிமுலாக்ரம் என்ற கற்பனை நாட்டில் எல்லோரும் பெண்ணாகவே பிறக்கிறார்கள். 17 வயதில் ஓர் ஊற்றுக்குப் போய், ஆணாவதா பெண்ணாகவே இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். சிபில்லா எனப்படும் இளம் பெண் பூசாரிகள், சிமூன் என்ற வான்கலத்தில் இருவர் இருவராக ஏறுகிறார்கள். ஒருவரையொருவர் முத்தமிட்டு, பிறகு கலத்தின் கல்லில் உதடு பதித்தால்தான் அது உயிர்பெறும். வானத்தில் அவர்கள் ஒளிக்கோடுகளால் இடும் கோலம்தான் ரி மாஜோன். அது டெம்பஸ் ஸ்பாட்டியம் என்ற கடவுளுக்கான வழிபாடு. ஆர்ஜென்டம் நாட்டின் கலங்கள் புகை கக்கிக்கொண்டு படையெடுத்து வந்தபின், அதே கோலம் எதிரிகளைக் கூண்டோடு அழிக்கும் ஆயுதமாகிறது.

சில சொற்கள் தாமாகவே வந்து அமர்ந்தன. கலத்தை ஓட்டுபவளுக்கு ‘ஆரிகா’ என்று பெயர். லத்தீனில் தேரோட்டி என்று பொருள். ‘சாரதி’ என்று எழுதியபோது அவ்வளவு மகிழ்ச்சி. ரி மாஜோன்தான் பிடிகொடுக்கவில்லை. கோயில் காட்சிகளில் ‘ஆராதனை’ என்றும் போர்க் காட்சிகளில் ‘அஸ்திரம்’ என்றும் எழுதினேன். மந்திரம் சொல்லி அஸ்திரம் விடுவது நம் இதிகாசங்களில் உள்ளதுதானே, யாருக்கும் குழப்பம் வராது என்று நம்பினேன்.

வரிகளைச் சரிபார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர் நான்காம் பகுதியிலேயே நிறுத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைப்போம்.

“அந்தப் பிள்ளைகள் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைத்தானே சொல்கிறார்கள்? உனக்கு மட்டும் எப்படி இரண்டு கிடைத்தது?”

“புரிய வேண்டுமே என்று எழுதினேன் அக்கா.”

“அவர்களுக்கே புரியாமல்தானே தவிக்கிறார்கள்.”

அன்று மாலை முதல் பகுதியிலிருந்து மறுபடி பார்த்தேன். படைத்தலைவியான நெவிரில், போரின் நடுவே மரகத ரி மாஜோன் என்ற அரிய கோலத்தை வரைய முயன்று தன் இணையான அமுரியாவை இழக்கிறாள். அதன்பின் அவளால் பறக்க முடியவில்லை. அவள் கை வேறு எதையும் செய்யவில்லை. சிறுவயது முதல் கற்ற வழிபாட்டைத்தான் செய்தது. நான் அங்கே ‘அஸ்திரம்’ என்று எழுதியதால், அவள் வெறும் போர்வீராங்கனையாகிவிட்டாள். அவளை அறைக்குள் முடக்கிய கேள்வியே என் வரியில் காணாமல் போயிருந்தது. பிளம்பம் என்ற இன்னொரு எதிரி நாட்டிலும் பெண் பூசாரிகள் உண்டு. அவர்கள் வணங்குவதும் இதே கடவுளைத்தான், பெயர்தான் வேறு. இதற்குப் பிறகு எதை ஆராதனை என்பது, எதை அஸ்திரம் என்பது?

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. சிபில்லாவாகப் பறக்கும்வரை ஊற்றுக்குப் போவதைத் தள்ளிப்போடலாம். புதிதாக வரும் ஆயேரு ஊற்றுக்குப் போக விரும்பாமல்தான் போரிடுகிறாள். வளராமல் இருக்க ஒரு பிள்ளை கொடுக்கும் விலை, முகம் தெரியாத யாரோ சிலரின் உயிர். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழியைத் திறந்துவைத்த பெரியவர்கள்மேல்தான் வந்தது, இன்றும் வருகிறது.

இரண்டு சொற்களையும் நீக்கிவிட்டு எல்லா இடத்திலும் ‘ரி மாஜோன்’ என்றே போட்டேன். வேலை இரண்டு நாள் தள்ளிப்போனது.

கடைசியில் சிமுலாக்ரம் தோற்கிறது. மற்ற சிபில்லாக்களில் பெரும்பாலோர் ஊற்றுக்குப் போகிறார்கள். நெவிரிலும் ஆயேருவும் ஒரு சிமூனில் ஏறி மரகத ரி மாஜோனை வரைந்து அந்த உலகத்தைவிட்டே போய்விடுகிறார்கள். யாரையும் கொல்ல அல்ல, கடவுளிடம் எதையும் கேட்கவும் அல்ல. என் பழைய இரண்டு சொற்களில் ஒன்றைக்கூட அங்கே எழுதியிருக்க முடியாது.