செப்புத் தகட்டில் ஒரு பளிங்குச் சாடி

ரோம் நகருக்கு அருகே திவோலியில், பேரரசர் ஹேட்ரியனின் மாளிகை இடிபாடுகளிலிருந்து 1771இல் துண்டு துண்டாகக் கிடைத்து, பிற்காலத்தில் வார்விக் சாடி எனப் பெயர்பெற்ற பெரும் பளிங்குச் சாடியை, பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய அச்சுப்படக் கலைஞர் ஜொவான்னி பத்திஸ்தா பிரனேசி செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து உருவாக்கிய அச்சுப்படத்தை இன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடிகளாக முறுக்கிக்கொண்டு எழும் திராட்சைக் கொடிகளும், அவற்றிடையே புடைத்து நிற்கும் தாடி முகங்களும், மெல்லிய கறுப்புக் கோடுகளாலேயே பளிங்கின் கனத்தைப் பெற்றுவிடுகின்றன. உடைந்த சாடியைச் செப்பனிட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆதலால் எது பழையது, எது பின்னர் சேர்த்தது என்று படத்தில் என்னால் பிரித்தறிய முடியவில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும், ஆங்கிலேய வெள்ளிக் கொல்லர்கள் இந்தச் சாடியின் சிறு நகல்களை வடிக்க இப்படங்களே வழிகாட்டின. மூலச் சாடி இப்போது கிளாஸ்கோவின் பரெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.