பயனாளிக் கணக்கெடுப்பில் நான் பார்த்தது

உதவித்தொகைத் திட்டம் ஒன்றுக்கு ஏழைக் குடும்பங்களைக் கண்டறியும் கணக்கெடுப்பில் களப்பணியாளராக இருந்தேன். இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது சொத்துப் படிவம். கூரை என்ன, தரை என்ன, எத்தனை பேர், யார் எதுவரை படித்தார்கள் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். வருமானத்தை நேராகக் கேட்டுப் பயனில்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்குத் தன் மாத வருமானம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. அதனால் கண்ணில் படுவதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அந்த மாதமே சாப்பாடு குறைந்துவிடும், சிமெண்ட் தரை அப்படியேதான் இருக்கும். மதிப்பெண்ணும் அப்படியே.

இதற்காகத்தான் அடுத்து உணவுக் கேள்விகள். கடந்த 7 நாளில் எந்த வகை உணவை எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று கேட்போம். உலக உணவுத் திட்டத்தின் முறை இது. தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, பாலுக்கும் இறைச்சி, மீனுக்கும் 4 என்று நாட்களோடு பெருக்கிக் கூட்டினால், 21 வரை மோசம், 35 வரை எல்லைக்கோடு. இங்கே ஒன்றில் கவனமாக இருங்கள்: தேநீரில் விடும் கொஞ்சம் பாலைப் பால் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அதற்கே 28 வந்துவிடும், தினமும் வெறும் சோறு சாப்பிடும் வீட்டுக்கு மொத்தம் 42. பசியோடு இருக்கும் வீடு பட்டியலிலிருந்து வெளியே போய்விடும்.

சாப்பாடு போதாதபோது சமாளிக்கும் வழிகளைப் பற்றி 5 கேள்விகள் உண்டு. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைத்தார்களா என்பதற்குத்தான் அதிக மதிப்பு, 3. அதற்குத்தான் உண்மையான பதில் வராது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் "அதெல்லாம் இல்லைங்க" என்றார். கேள்வியை மாற்றக் கூடாது, விளக்கிக் கேட்கலாம். "நேத்து ராத்திரி யார் யார் சாப்பிட்டீங்க?" என்றேன். "பிள்ளைங்க சாப்பிட்டாங்க. எனக்குப் பசிக்கலை." முந்தாநாள்? "அன்னைக்கும் பசிக்கலைங்க." அப்புறம்தான் வாரம் முழுக்க எத்தனை நாள் என்று எண்ண முடிந்தது. முடிந்தவரை தனியாகக் கேளுங்கள்.

கடைசியில் ஊர்க்கூட்டம். மக்களே குடும்பங்களை வரிசைப்படுத்துவார்கள். இந்தோனேசியாவில் 640 கிராமங்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2012-இல் வெளிவந்த ஆய்வில், குடும்பம் செய்யும் செலவை ஏழ்மைக்கு அளவுகோலாக வைத்தால் சொத்து மதிப்பெண்தான் சற்று துல்லியம். மக்களுக்குத் திருப்தி தந்ததோ ஊர் போட்ட பட்டியல். நான் பார்த்த வரையிலும் அப்படித்தான். சண்டை குறைவு. ஆனால் வாடகைக்கு வந்தவர்களும், யாரோடும் ஒட்டாத தனி முதியவர்களும் யார் நினைவுக்கும் வருவதில்லை.

பட்டியல் ஒட்டிய பிறகு ஆட்சேபணைக்கு அவகாசம் தருவார்கள். மனு எழுதத் தெரிந்தவர்கள்தான் முதலில் வருவார்கள். அந்த நாட்களில் மேசையிலேயே உட்கார்ந்திருக்காமல், கூட்டத்துக்கு வராத வீடுகளுக்கு மனுப் படிவத்தோடு போனோம். விடுபட்டவர்களில் பெரும்பாலோரை அப்படித்தான் சேர்க்க முடிந்தது.