திருமயிலை வரை நான்கு முறை

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலையில் இறங்குவதற்குள் ‘ஐ வாண்ட் அவுட்’ நான்கு முறை ஓடிவிடும். ஒரு வருடம் அப்படித்தான் போய்வந்தேன். ஜெர்மனியின் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஹெலோவீன் என்ற மெட்டல் இசைக்குழு 1988இல் வெளியிட்ட பாட்டு. எழுதியவர் கை ஹான்சன். எழுதிக் கொஞ்ச நாளில் அவரே குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

எடுத்த எடுப்பிலேயே கிதார்கள். மாட வீதியில் சாமி திரும்பும்போது இரட்டை நாகஸ்வரம் ஒன்றையொன்று ஒட்டி ஓடுமே, அந்த ஓட்டம். அப்புறம் மைக்கேல் கிஸ்கேயின் குரல். அப்போது அவருக்கு வயது 20. உச்சத்திலும் தொண்டையை இறுக்காமல், முழுசாகத் திறந்து நிற்கிறார். ‘போதும், என்னை விடுங்கள்’ என்கிற கோபத்துக்கு இவ்வளவு வெளிச்சமான குரல் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவின் தையல் கடையை நானே நடத்தப்போகிறேன் என்று சொன்ன அன்று, “இன்ஜினியரிங் படிச்சிட்டு ஜாக்கெட் தைக்கப் போறியா?” என்றார் பெரியப்பா. பதில் வரவில்லை. மறுநாள் இந்திரா நகர் தாண்டும்போது கோரஸ் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடினேன், சத்தமாக. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “பாடு கண்ணு” என்றார்.